காலையில் மட்டும் இருமிய லாரி

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை என் மனைவி சொன்னால் கோபம் வரும். நானே சொல்லிக்கொண்டால் வராது. பால்காரர் அளக்கும்போது உழக்கின் அடி நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த ஆள் நான். கல்யாண வீட்டுக்குப் போனால் செருப்பில் ஒன்றை வாசலிலும் இன்னொன்றைப் பந்தல் காலடியிலுமாகப் பிரித்து விடுவேன். இப்படிப்பட்டவன் லாரி வாங்கலாமா? வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசியில், உத்திரமேரூரில், பழைய ஆறு சக்கர வண்டி ஒன்று.

லோடு பெரும்பாலும் ஜல்லிதான். பக்கத்துக் குவாரிகளில் ஏற்றி, ராஜகுளம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. கிளீனர் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவரைக் கண்காணிப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த ஒருவர் டிரைவர். மாகறல் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். தாய் தகப்பன் இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர் மட்டும் கிளீனராக ஒரு லாரியில் ஏறி, வண்டி கழுவி, டயர் கழற்றி, பல வருஷம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அதிகம் பேச மாட்டார். பேசாத ஆளைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் கூடும்.

டீசல் சீக்கிரம் தீர்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது. அளந்தெல்லாம் பார்க்கவில்லை, வெறும் நினைப்புதான். ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வண்டியைக் கழுவிப் பெயின்ட் அடிக்க நிறுத்தினோம். டிரைவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். நல்ல சமயம் என்று டேங்க் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போனேன். மூடியில் பூட்டு மாட்ட ஒரு வளையம் வைத்து வெல்டிங் செய்தாயிற்று; டேங்க் கழுத்தில் போல்ட் போட்டு மாட்ட வளையம் வைத்த ஒரு பட்டையும் தயார். அப்போதுதான் மூடியின் நடுவில் ஒரு பொடி ஓட்டையைப் பார்த்தேன். குண்டூசி நுழையும், அவ்வளவுதான். அந்த ஓட்டையில் எந்தக் குழாயை விட்டு எவன் டீசல் உறிஞ்சுவான் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை. ஓட்டை என்றால் திருட்டு, அவ்வளவுதான் தெரிந்தது.

"இத்தையும் அடச்சிடு" என்றேன்.

வெல்டிங்காரர் இரும்புக் கேட், ஜன்னல் கிரில் செய்கிறவர். அவருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்? அடைத்தார். போதாதென்று பழைய டியூபை வெட்டி மூடிக்குள் ஒரு தடித்த ரப்பர் வாஷரும் போட்டுக் கொடுத்தார். பெயின்டர் அதன் மேல் ஒரு தாமரை வரைந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. பூட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து டீசல் போட நானே கூட ஏறிக்கொண்டு பங்க் வரைக்கும் போவேன். டிரைவர் சீட்டைவிட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே இறங்கிப் பூட்டைத் திறப்பேன். முழு டேங்க் அடிக்க மாட்டேன். நிறைய இருந்தால் கொஞ்சம் குறைவது கண்ணுக்குத் தெரியாதே. அரை டேங்க் போட்டால் நாலு நாள் ஓடும். மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். எவ்வளவு டைட்டான மூடி பார் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயத்தில் வண்டி காலையில் இரும ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்காது. பிடித்தாலும் தடதடவென்று உதறும். ஆறு சிலிண்டரில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கிற சத்தம் அது. 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்வார்கள். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பித் தெருவையே மூடும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். பத்து நிமிஷம் இப்படி அவஸ்தைப்பட்டு, சூடேறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி சீராக ஓடும்.

"ஏர் புடிக்குது மொதலாளி. எங்கியோ காத்து உள்ள வருது" என்றார் டிரைவர்.

அவர் சொன்னதாலேயே நான் நம்பவில்லை. நானாகவே ஒரு கண்டுபிடிப்பு செய்து வைத்திருந்தேன். டீசல் போட்ட மறுநாள் காலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். இரண்டாம் நாள் லேசாக உதறும். மூன்றாம் நாள், நாலாம் நாள் தாங்க முடியாது. மேட்டில் இழுவைகூடக் குறைகிறது என்று அவரே சொன்னார். இதற்கு என்ன அர்த்தம்? முதல் நாள் நல்ல டீசல். அடுத்தடுத்த நாள் யாரோ டீசலை எடுத்துக்கொண்டு அந்த அளவுக்கு ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எந்த லாரி புகைவிட்டாலும் முதலில் வாயில் வருவது இந்த வார்த்தைதான்.

பூட்டியிருக்கிற டேங்கில் எப்படி ஊற்றுவது என்று மனைவி கேட்டாள். கள்ளச் சாவி என்றேன். பூட்டை மாற்றினேன். இருமல் நிற்கவில்லை. அப்படியென்றால் புதுப் பூட்டுக்கும் கள்ளச் சாவி செய்துவிட்டான் என்று பொருள். டீசலில் ஒரு சொட்டு எடுத்துக் காகிதத்தில் விட்டுக் காயவைத்தேன். மண்ணெண்ணெய் என்றால் காய்ந்து மறைந்துவிடும், டீசல் என்றால் எண்ணெய்க் கறை நிற்கும். கறை நன்றாக நின்றது. கலப்படம் ரொம்ப சாமர்த்தியமாக நடக்கிறது என்று முடிவு செய்தேன்.

வந்தவாசி ரோட்டில் மெக்கானிக் பாய் ஒருவரிடம்தான் எங்கள் ஊர் லாரிகள் எல்லாம் வேலைக்குப் போகும். நாலைந்து முறை அவர் ஷெட்டுக்கு வண்டியை அனுப்பினேன். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடேறிவிடும். பாய் காது கொடுத்துக் கேட்பார். வண்டி சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானே கீது" என்று டீசல் பைப் வாஷர்களை மாற்றி, நட்டுகளை முறுக்கி அனுப்பிவிடுவார். ஒருநாள் நானே பின்னால் மொபெட்டில் போய்ப் பார்த்தேன். பாயும் டிரைவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தின மாதிரி எனக்குப் பட்டது. சரி, இவரும் கூட்டு.

மார்கழி வந்தது. பனியில் இருமல் இன்னும் மோசமாகும் என்று நான் காத்திருக்க, திடீரென்று சத்தம் குறைந்துவிட்டது. நான் பல் விளக்கி வெளியே வரும்போது வண்டி ஏற்கெனவே சீராக ஓடிக்கொண்டிருக்கும். வேறு யாராக இருந்தாலும் நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. ஆறு மணிக்கு வருகிற ஆள் ஏன் ஐந்து மணிக்கே வருகிறார்?

மறுநாள் ஐந்துக்கு முன்பே எழுந்து ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்திருந்தது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்பேனரை எடுத்தார். பானெட்டைத் தூக்கி உள்ளே எதையோ தளர்த்தினார். கீழே ஒரு பெயின்ட் டின்னைப் பிடித்தார். பிறகு கையால் எதையோ குத்திக் குத்தி அழுத்த, டின்னுக்குள் டீசல் விழுந்தது. என் காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம். இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்றே என்ற சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். "இன்னாப்பா இது?"

அவர் பதறவில்லை. "ஏர் எடுக்கறேன் மொதலாளி, பைப்புல பூந்த காத்த வெளிய உட்றேன். காலைல நீங்க திட்றீங்கன்னு முன்னாடியே வந்து எடுத்துட்றேன்."

"டின்ல இன்னா?"

"ஏர் எடுத்தா டீசலும் கூட வரும். திருப்பி டேங்க்ல ஊத்தலாம்னா சாவி உங்களாண்ட கீது. அதான் சீட்டுக்கு அடில வெச்சிக்கினு கீறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கழுவ ஆவும்."

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இன்னொரு டின்னிலும் டீசல் இருந்தது. அன்று அவரை அனுப்பிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடைக்குப் போனேன். ஊரில் லாரி வைத்திருப்பவர்கள் எல்லாம் காலையில் கூடுகிற இடம் அது. நாலு பேர் காதில் விழும்படி, "சீட்டுக்கு அடில ரெண்டு டின்னு டீசலு. கையும் களவுமா புடிச்சேன்" என்றேன். பேரைச் சொல்லவில்லை. என் வண்டிக்கு ஒரே ஒரு டிரைவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் டிரைவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றார்.

"டீசல் திருடன்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல எவனும் எங்கையில சாவி குடுக்க மாட்டான் மொதலாளி. எனக்கு நெலமா கீது, கடையா கீது? பாயைக் கூப்புடுங்க. வண்டி ஜில்லுனு கீறப்போ வந்து பாக்கட்டும். என் மேல தப்புன்னா நானே போயிட்றேன்."

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கூப்புட்டுத்தான் பாருங்களேன். வண்டி உங்களுதுதானே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியவில்லை.

பாய் ஒரு நிபந்தனை போட்டார். அவர் வரும்வரை வண்டியை யாரும் தொடக்கூடாது. விடியற்காலைத் தொழுகை முடித்துத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தார். டிரைவர் வண்டியிலிருந்து பத்தடி தள்ளிக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். தான் எதையும் தொடவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்கிற மாதிரி. டீசல் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பாய் ஸ்டார்ட் செய்தார். அதே உதறல், அதே புகை.

"இத்த எனக்குக் காட்டவே இல்லியேண்ணா நீங்க" என்றார்.

இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் வாங்கி, என்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற ஆறு வழிகளிலும் விரலால் தெளித்தார். ஐந்து இடத்தில் சுர்ரென்று ஆவி கிளம்பியது. மூன்றாவதில் மட்டும் தண்ணீர் சும்மா வழிந்தது. அந்த சிலிண்டரில் டீசல் எரியவில்லை, அதனால் சூடில்லை. அதற்கு டீசலைப் பீய்ச்சுகிற நாசில் கெட்டுப்போயிருக்கும் என்று நான் சொன்னேன். "இருங்க, நாளைக்கும் பாப்போம்" என்றார்.

பகலில் வண்டி வழக்கம்போல லோடுக்குப் போய் வந்தது. மறுநாள் காலை மூன்றாவது சுர்ரென்றது. ஐந்தாவதும் ஆறாவதும் சில்லென்று கிடந்தன. பாய் தலையை ஆட்டினார். "நாசில் கெட்டா ஒரே எடத்துலதான் கெடும். நோவு தெனமும் எடம் மாறுமா?" டீசல் ஃபில்டரின் மேலிருந்த ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தினார். டீசலுக்குப் பதில் சோப்பு நுரை மாதிரி பொங்கி வந்தது. "காத்துதான். உங்க ஆளு சொன்னது சரி." டின்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏர் எடுத்தா டீசல் வராம பாலா வரும்?"

அப்போதும் எனக்கு உள்ளுக்குள் சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று தானாக வருகிறதா, யாராவது வரவைக்கிறார்களா? முதல் நாள் இரவே ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போனால்? நம்ப மாட்டீர்கள், அன்று சாயங்காலம் எல்லா ஸ்க்ரூவின் மேலும் என் மகளின் பொட்டு மையால் ஒரு கோடு இழுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் எந்தக் கோடும் நகரவில்லை. வண்டி முன்னைவிட மோசமாக உதறியது. பாய் எல்லாப் பைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"டேங்க் பூட்டத் தொறக்கறப்போ சத்தம் இன்னா வரும்?"

"உஸ்ஸுனு வரும். நல்லா டைட்டு பாய்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேப்பரில் ஒரு துண்டு கிழித்து மூடியின் ஓரமாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவாத் தொறங்க" என்றார். அரைஞாண் கயிற்றை இழுத்துச் சாவியைப் போட்டு, மூடியைக் கொஞ்சம் திருகினேன். 'உஸ்' என்றது. காகிதம் வெளியே பறக்கவில்லை. மூடிக்கும் டேங்குக்கும் நடுவே உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

பாய் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தார். உள்பக்கம் அடைத்திருந்ததைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரால் தாமரையைச் சுரண்டினார். பெயின்ட் உதிர்ந்து, கீழே வெல்டிங் பொட்டு வந்தது.

"யாரு அடச்சது இத்த?"

டிரைவர் முதல் முறையாக எழுந்து கிட்டே வந்து பார்த்தார். ஆயுத பூஜைக்கு அவர் ஊரில் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும்ணா. அதுக்குத்தான் கம்பெனிக்காரனே ஓட்டை வெச்சிருக்கான். நீங்க அடச்சிட்டீங்க. வண்டிய நிறுத்தினப்பறம் டேங்கு, மேல ஏறின டீசலைத் திருப்பி உறிஞ்சிக்குது. காலைல பைப்பு பூரா ஜாயிண்டு வழியா பூந்த காத்து. பங்க்ல நீங்க தொறந்தா சரியாப் போயிடும், அப்பறம் மறுபடியும் சேந்துக்கினே போவும்."

முதல் நாள் நல்லது, நாலாம் நாள் கெட்டது. நான் கண்டுபிடித்த அதே கணக்குதான். ஆனால் குற்றவாளி என் இடுப்பில் சாவியோடு திரிந்தவன். டிரைவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பாய் கை டிரில்லால் அங்கேயே பழைய இடத்தில் ஓட்டை போட்டார். அடுத்த நாலு நாளும் வண்டி தொட்டதும் கிளம்பியது. டீசல் போட்ட நாலாம் நாளும் அப்படியே.

டிரைவர் அந்த நாலு நாளும் ஒழுங்காக வந்து ஓட்டினார். ஐந்தாம் நாள் காலையில் வண்டியில் ஏறாமல் நின்றார்.

"டீக்கடைல சொன்னீங்க இல்ல மொதலாளி? அங்கியே வந்து சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

நியாயமான பேச்சு. அவர் கேட்டது அவ்வளவுதான். இருவரும் போனோம். அதே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூடியில் இருந்த ஓட்டை, நான் அடைத்தது, பாய் கண்டுபிடித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "தப்பு என்னுதுதான்" என்று முடித்தேன். நல்லபடியாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு லாரி வைத்திருந்த ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"உன் காதுல நல்லா பூ சுத்திட்டாங்கப்பா ரெண்டு பேரும். மூடில ஓட்டை இல்லன்னா என்ஜின் மிஸ்ஸிங் அடிக்குமாம்! ரெண்டு டின்னு டீசலு சீட்டுக்கு அடில இருந்திச்சே, அது இன்னா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். 'அதெல்லாம் இல்லப்பா' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரம்கூட வேண்டாம். ஆனால் அதற்குள் என் பாழாய்ப்போன புத்தி ஒருதரம் ஓடிப்போய் வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை பாய்தான் விரலால் உள்ளே தள்ளியிருப்பாரோ? அன்றைக்கு பெஞ்சில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள்?

திரும்பிப் பார்த்தேன். டிரைவர் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இல்லப்பா. நம்ம ஆளு தங்கம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கொஞ்சம் லேட்டா சொல்லிட்டீங்க மொதலாளி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மறுநாள் காலையில் நானே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். பனியில் நனைந்து கிடந்த என்ஜின் ஒரு இருமல் இல்லாமல், ஒரு பொட்டுப் புகை இல்லாமல் ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஓடியது. எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு நிறுத்தினேன்.